ஊட்டிக்கு ரூம் போட்டாச்சு, காருக்கு இடம் இருக்கா? இ-பாஸ் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மே மாத லீவு அப்ரூவ் ஆகிவிட்டது. நான்கு பேர் சேர்ந்து கார் ரெடி. கேன்சல் செய்தால் பணம் திரும்ப வராத ரேட்டில் ஊட்டியில் ரூமும் போட்டாச்சு. ஆனால் ரூம் கிடைத்துவிட்டதாலேயே காருக்கு அனுமதி கிடைத்துவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பல டிரிப் பிளான்கள் சிக்கிக்கொள்கின்றன.

இ-பாஸ் எப்படி வந்தது?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் செல்ல இ-பாஸ் கட்டாயமானது. அப்போது நீதிமன்றத்தில் தரப்பட்ட கணக்குப்படி, சீசன் நாட்களில் நீலகிரிக்குள் தினமும் சுமார் 20,000 வாகனங்கள் வந்துகொண்டிருந்தன. கொண்டை ஊசி வளைவுச் சாலைகள், குறைவான பார்க்கிங், கோடைத் தண்ணீர்த் தட்டுப்பாடு, நடுவே யானை வழித்தடங்கள். இவ்வளவு வண்டிகளை இந்த மலை தாங்குமா என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. அதைக் கண்டறியும் ஆய்வில் சென்னை ஐஐடியும் பெங்களூரு ஐஐஎம்மும் ஈடுபடுத்தப்பட்டன.

முதல் வருடம் உச்சவரம்பு எதுவும் இல்லை. யார் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ண மட்டுமே இ-பாஸ் பயன்பட்டது. விண்ணப்பித்தவர்களுக்குக் கிடைத்தது.

2025-ல் என்ன மாறியது?

ஏப்ரல் முதல் ஜூன் வரை நாள் ஒன்றுக்கு இத்தனை வாகனங்கள்தான் என்று வரம்பு வந்தது.

- நீலகிரி: வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000
- கொடைக்கானல்: வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000

நீலகிரிக்கு ஒரு வாரக் கணக்கு போட்டால் 46,000 வாகனங்கள். தினமும் 20,000 என்ற பழைய வேகத்தில் போனால் இந்த ஒதுக்கீடு இரண்டரை நாளுக்குக்கூட வராது.

இதில் உள்ளூர் மக்களின் பிழைப்பும் இருக்கிறது. சீசன் வருமானத்தை நம்பியிருக்கும் வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் கடையடைப்பு நடத்தினார்கள்.

எண்ணப்படுவது ஆளா, வண்டியா?

வண்டிதான். இருவர் மட்டும் போகும் காரும் ஒரு இடம், 12 பேர் போகும் வேனும் ஒரு இடம். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இந்த எண்ணிக்கையிலேயே வரமாட்டீர்கள், இ-பாஸும் வேண்டாம். அதாவது ஊட்டிக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை. ஆளுக்கொரு காரில் வராதே என்பதுதான் இதன் அர்த்தம்.

கார் இல்லாமல் எப்படிப் போவது?

சென்னையிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும். அங்கிருந்து காலை 7 மணி சுமாருக்குக் கிளம்பும் மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டியை அடைய கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆகும். யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ரயில் இது. டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறப்பதால், மே நடுவில் போக வேண்டுமானால் மார்ச் நடுவிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

மலை ரயில் கிடைக்கவில்லையா? மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் உண்டு. மேலே போன பிறகு ஊருக்குள் சுற்ற டவுன் பஸ், டாக்சி, ஆட்டோ இருக்கின்றன.

காரில்தான் போகணும்னா?

இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை. வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கல் என்ற விவரங்கள் போதும். தேதிக்கு பாஸ் கையில் வந்த பிறகு ரூமுக்குப் பணம் கட்டுங்கள். முன்பே போடுவதானால் கேன்சல் செய்யக்கூடிய ரேட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பெங்களூரு நண்பர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. பந்திப்பூர் காட்டுச் சாலை வனவிலங்குகளுக்காக 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுகிறது. வெள்ளிக்கிழமை 6 மணிக்கு ஆபீஸ் முடித்துக் கிளம்பினால், 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி 9 மணிக்குள் அங்கே போய்ச் சேர முடியாது. அன்று மைசூரில் தங்கி, காலையில் காட்டைக் கடப்பதே வழி.

மே மாதமே வேணுமா?

தாவரவியல் பூங்கா மலர்க் கண்காட்சிதான் நோக்கம் என்றால் மே. இல்லையென்றால் மழையைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தைத் தாக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னைக்கு ஒரு வருடத்தில் கிடைப்பதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விழும். 2009 நவம்பரில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தது அந்தப் பகுதியில்தான். மலை ரயில் அடிக்கடி ரத்தாவதும் அந்த மாதங்களில்தான்.

மிச்சம் இருப்பது பிப்ரவரி, மார்ச், மற்றும் உள்ளூரில் இரண்டாவது சீசன் என்று சொல்லப்படும் செப்டம்பர். மே அளவுக்குக் கூட்டம் இருக்காது. 2025-ல் வந்த வரம்பும் இந்த மாதங்களைத் தொடவில்லை.

எந்த வரிசையில் பிளான் பண்ணலாம்?

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்.
2. ரயில் அல்லது பஸ் டிக்கெட், இல்லாவிட்டால் இ-பாஸ்.
3. அதற்குப் பிறகு ரூம்.
4. கிளம்பும் வாரத்தில் இ-பாஸ் விதியையும் மழை எச்சரிக்கையையும் மறுபடி பாருங்கள். நீதிமன்ற உத்தரவைப் பொறுத்து எண்கள் மாறலாம்.
5. பையில் ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.