உப்புக்காற்றும் பழைய மடிக்கணினியும்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்தில் கறன்ட் நின்றது. சில மாதங்களில் தீவுப்பகுதியும் படையினர் கைக்குப் போக, அங்குள்ள மண்கும்பான் ஊர்ச் சனத்தில் பெரும்பகுதி குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தது. டோர்ச் பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட அந்தக் காலத்தில் றேடியோவுக்கு உயிர் கொடுத்தது சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, நாலு வீட்டுச் சனம் கூடியிருந்து பிபிசி தமிழோசை கேட்கும். டைனமோவில் வருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் பூட்டினால் சரி. பள்ளிக்கூடப் பெடியனுக்கும் அந்த வேலை தெரியும். றேடியோவின் பின்மூடி கழன்றபடியேதான் கிடக்கும். கறள் கண்டால் அன்றைக்கே சுரண்டுவார்கள்.

இன்று ஊரில் கறன்ட் இருக்கிறது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள் விட்டுப்போன மடிக்கணினிகள் அலுமாரிக்குள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு உதவும் என்று பத்திரப்படுத்தியவை. ஒரு சோளகக் காற்றுக்காலம் கழித்து எடுத்தால் உயிர் இல்லை. பழசு, செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓயாமல் கைபட்ட அந்த றேடியோக்கள் போலன்றி, சும்மா கிடந்ததால்தான் அவற்றில் பல கெட்டன.

கடற்காற்றில் வரும் உப்புத்துகள் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கணினி ஓடும்போது எழும் சூடு அந்த ஈரத்தை உலர்த்தும். மாதக்கணக்கில் மூடி வைத்தால் உப்பும் ஈரமும் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். சாட்டிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படிக் கிடந்த ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசியும் பொடிமணலும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் அடைத்திருந்தன. புரொசெசரின் மேலிருந்த வெப்பப்பசை காய்ந்து பொரிந்திருந்தது. றாம் செருகும் முனைகளில் பச்சைக் களிம்பு. ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, உலரவிட்டு, புதுப் பசை பூசிப் பூட்டியதும் திரையில் வெளிச்சம் வந்தது.

1990களின் மடிக்கணினி கையில் இருந்தால் முதலில் தேட வேண்டியது, மதர்போட்டில் ஒட்டியிருக்கும் சிறிய நிக்கல் பற்றறி. அது கசிந்தால் காரம் வழிந்து செப்புக் கோடுகளையே தின்றுவிடும். பற்றறியை வெட்டி எடுத்துவிட்டு, கசிந்த இடத்தை வினாகிரியால் துடைத்து, பிறகு அல்ககோலால் கழுவ வேண்டும். கீல்களில் கிறீஸ் இறுகினால் பிளாஸ்ரிக் மூடி பிளக்கும். மூடியின் நடுவில் பிடித்து மெதுவாகத் திறப்பது நல்லது.

எல்லாப் பழுதும் காற்றால் வருவதில்லை. 2007, 2008 காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் என்விடியா வரைகலைச் சிப்பு சூடேறி ஆறி, அடியிலுள்ள ஈய ஒட்டுகள் வெடித்தன. 2008 யூலையில் அந்த நிறுவனமே குறையை ஒப்புக்கொண்டது. அதைச் சூடாக்கி மீட்டாலும் நெடுநாள் நிற்பதில்லை. அப்படியான ஒன்றில் காசைக் கொட்டாமல், ஹார்ட் டிஸ்க்கில் உள்ள படங்களைப் பிரதியெடுத்துக்கொண்டு விட்டுவிடலாம்.

மற்றவற்றை மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். நெடுநாள் மூடி வைப்பதானால் பற்றறியைப் பாதிச் சார்ஜில் கழற்றித் தனியே வையுங்கள். கணினியைச் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத பெட்டியில் போடுங்கள். பற்றறியைப் பேணுவது வீண்வேலையில்லை; 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறன்ட் போனபோது, பற்றறி செத்த மடிக்கணினிகள் எதற்கும் உதவவில்லை. லிதியம் பற்றறி வீங்கியிருந்தால் குத்திப் பார்க்க வேண்டாம், சார்ஜ் ஏற்ற வேண்டாம். வளவுக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவே கூடாது, அது வெடிக்கும்.