மின்னஞ்சலின் முத்திரைகள்

ஒற்றசேகரமங்கலம் முதலிய திருவிதாங்கூர் ஊர்களுக்குக் கடிதம் கொணர்ந்த ‘அஞ்சல்’ துறை, 1951-இல் இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. அக்கடிதங்கள் வந்த வழியை உறைமேலுள்ள முத்திரைகள் உணர்த்தின. மின்னஞ்சலுக்கும் அத்தகைய முத்திரைகள் உண்டு. அவை மடலின் தலைக்குறிப்பில் மறைந்துள்ளன.

மடலைப் பெறும் ஒவ்வொரு சர்வரும் ‘ரிசீவ்டு’ என்னும் வரியை, நேரத்துடன், மேலே சேர்க்கின்றது. ஆகவே கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும். நேர இடைவெளி தாமதம் நேர்ந்த இடத்தைக் காட்டும். கீழ்வரிகளை அனுப்பியவர் புனையக்கூடும். நமது சர்வர் எழுதிய மேல்வரியே நம்பத்தக்கது.

அனுப்பிய சர்வர் அனுமதி பெற்றதா என்பதை ‘எஸ்.பி.எஃப்.’ சோதிக்கின்றது, கையொப்பமிட்ட பகுதி வழியில் மாறியதா என்பதை ‘டி.கே.ஐ.எம்.’ சோதிக்கின்றது. இவற்றுள் ஒன்றேனும் தேறி, நாம் காணும் அனுப்புநர் முகவரியோடு பொருந்துகின்றதா என்று ‘டிமார்க்’ ஆராய்கின்றது.

யாவும் தேறினும் உறுதிப்படுவது முகவரியிலுள்ள டொமைன் பெயரே. எழுதியவரின் நேர்மை அன்று. ஆதலின், அரசாணை என்ற பெயரில் வங்கி விவரம் கேட்கும் மடலை, அலுவலகத்தில் நேரில் விசாரிக்காமல் நம்பலாகாது. பணம் இழந்தோர் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் நலம்.