வகுப்பறைக்குச் செல்லும் வழி

நுழையும்முன்

பள்ளி வாயிலில் உள்ள மூன்று படிகளைப் பெரும்பாலான மாணவர்கள் கவனிப்பதே இல்லை. சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கோ அவை கடக்க இயலாத தடை. அத்தடையை நீக்கும் கடமை யாருடையது? அதற்குரிய பணம் எங்கிருந்து வருகிறது? தென்சென்னைப் புறநகரை முன்னிறுத்தி இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இப்பாடப்பகுதி.

சட்டம் தரும் உரிமை

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் அமைப்பதே போதும் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அவர்களைப் பொதுப்பள்ளிகளில் சேர்த்துக் கற்பிக்கும் திட்டத்தை ஒன்றிய அரசு 1974ஆம் ஆண்டு தொடங்கியது. பிறரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, தமக்கு வேண்டிய துணையையும் பெற்றுக் கற்கும் இம்முறை இன்று 'உள்ளடக்கிய கல்வி' எனப்படுகிறது.

1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வெண்ணிக்கையை 21ஆக உயர்த்தியது. புறவுலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம், கற்றல் குறைபாடு போன்றவையும் அதில் இடம்பெற்றன. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய, 6 முதல் 18 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தையும் அருகமைப் பள்ளியிலோ விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கலாம். தம் நிதியில் இயங்கும் பள்ளிகளில் உள்ளடக்கிய கல்வி கிடைக்க அரசோடு உள்ளாட்சி அமைப்புகளும் முயல வேண்டும் என்று இச்சட்டம் குறிப்பிடுகிறது.

நிதி வரும் வழிகள்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. 70 வார்டுகளைக் கொண்ட இம்மாநகராட்சியை ஒட்டி மேடவாக்கம், முடிச்சூர் போன்ற ஊராட்சிகள் உள்ளன. இங்கு ஒரு குழந்தையின் கல்விக்கான நிதி மூன்று வழிகளில் வந்து சேர்கிறது.

முதலாவது உள்ளாட்சி நிதி. குடியிருப்போர் செலுத்தும் சொத்து வரிக்குள் கல்வி வரியும் ஒரு பகுதியாக அடங்கியிருக்கிறது. 1920ஆம் ஆண்டின் தொடக்கக்கல்விச் சட்டத்திலேயே இதற்கு வேர் உண்டு. இவ்வாறு திரளும் கல்வி நிதி வகுப்பறை, கழிவறை, குடிநீர் வசதி முதலிய பணிகளுக்குப் பயன்படுகிறது. சாய்தளம், கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையுமளவு அகன்ற கழிவறைக் கதவு ஆகியன இவ்வகைப் பணிகளே. பள்ளிக்குச் செல்லும் தெருவும் நடைபாதையும் உள்ளாட்சியின் பொறுப்பில் உள்ளன. மழைக்காலத்தில் முடிச்சூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் தேங்கும்போது, ஊன்றுகோலுடன் நடக்கும் மாணவருக்கு முதலில் தடைபடுவது பள்ளி வருகைதான்.

இரண்டாவது மாநில அரசின் நிதி. ஆசிரியர் ஊதியம், இலவசப் பேருந்துப் பயணச் சலுகை, உதவித்தொகை ஆகியன இதிலிருந்து கிடைக்கின்றன.

மூன்றாவது, 2018-19இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டமான 'சமக்ர சிக்ஷா'. இதில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் பங்களிக்க வேண்டும். வட்டார வள மையங்களிலிருந்து பள்ளிதோறும் செல்லும் சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறைப் பயிற்சி, மருத்துவ மதிப்பீட்டு முகாம்கள், பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே அளிக்கும் கல்வி ஆகியவற்றை இத்திட்டம் தாங்குகிறது.

கணக்கும் தேவையும்

இத்திட்டத்தின்படி சிறப்புத் தேவையுடைய மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கலாம். மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை தனியே உண்டு. 3,500 ரூபாயை 365 நாள்களுக்குப் பகுத்தால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய்கூட வருவதில்லை. செவித்துணைக் கருவியை ஒருமுறை வழங்கிவிட்டால் செலவு முடிந்துவிடாது. அதன் மின்கலம் தீரும். காதில் பொருந்தும் அச்சைக் குழந்தை வளர வளர மாற்ற வேண்டும். பிரெய்ல் நூல்கள் ஒவ்வோர் ஆண்டும் தேவைப்படும். இவை தடையின்றிக் கிடைத்தால்தான் பள்ளியில் சேர்ந்த குழந்தை அங்கே நிலைத்துக் கற்கும்.

கருவியினும் இன்றியமையாதவர் ஆசிரியர். ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட நிலைகளில் 15 மாணவர்களுக்கு ஒருவர் என்னும் அளவில் சிறப்பாசிரியர் தேவை என வரையறுத்தது. தமிழ்நாட்டிலோ ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைக் கவனிக்க வேண்டியுள்ளது; தொகுப்பூதியத்தில் பணிபுரிவோரே மிகுதி. பயிற்றுநர் வராத நாள்களில் அம்மாணவர் வகுப்பில் அமர்ந்திருந்தும் கற்றலுக்கு வெளியே நிற்க நேரிடுகிறது.

ஒரு வழி அடைபட்டால் மற்றவையும் தள்ளாடும். பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு இணையாததை அடுத்து, 2024-25ஆம் நிதியாண்டில் சமக்ர சிக்ஷா திட்டத்திற்குரிய ஒன்றிய அரசின் பங்கு விடுவிக்கப்படவில்லை. அச்சுமை மாநில அரசின்மேல் விழுந்தது. அரசுகளுக்கிடையே கருத்து வேறுபாடு நிகழ்வது இயல்பே. ஆயினும் அது தீரும்வரை ஒரு குழந்தையின் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவைத்தால், இழந்த ஓராண்டைப் பின்னர் ஈடுசெய்வது அரிது.

இங்கிலாந்தின் அனுபவம்

உள்ளாட்சிக்குக் கூடுதல் பொறுப்பளித்த நாடு இங்கிலாந்து. மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978இல் அளித்த அறிக்கை அங்கே சிறப்புக் கல்வியின் போக்கையே மாற்றியது. இன்று மிகுந்த துணை தேவைப்படும் குழந்தையின் தேவைகளை உள்ளாட்சி மன்றமே மதிப்பிட்டுத் திட்டமாக எழுதித் தருகிறது. அதில் எழுதப்பட்ட உதவியை வழங்குவது சட்டக் கடமை. முடிவில் நிறைவில்லையெனில் பெற்றோர் தீர்ப்பாயத்தை நாடலாம். அதே வேளையில், தேவைக்கேற்ப நிதி உயராததால் பல மன்றங்கள் பற்றாக்குறையில் தவிக்கின்றன. கடமையை உள்ளாட்சிக்கு அளிக்கும்போது அதற்கு ஈடான நிதியையும் அளிக்க வேண்டும் என்பதே அந்நாடு தரும் பாடம்.

மக்களின் பங்கு

தாம்பரத்துக்கு அணித்தே, முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. பயிற்சியும் வல்லுநர் அறிவும் இப்பகுதிக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. அவற்றை ஒவ்வொரு பள்ளிக்கும் கொண்டுசேர்க்க நிதியும் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும்.

கண்காணிக்கும் வாய்ப்பு மக்களுக்கு உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருடன் உள்ளாட்சி உறுப்பினர்களும் அமர்கின்றனர். மாநகராட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்களும் நடைபெறுகின்றன. தெருவிளக்கும் குப்பையும் பேசப்படும் அக்கூட்டங்களில், 'நம் வார்டுப் பள்ளியில் சாய்தளம் உள்ளதா? சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? கல்வி வரியில் இதற்கு எவ்வளவு செலவிடப்பட்டது?' என்னும் வினாக்களும் எழ வேண்டும். அவற்றை எழுப்பும் உரிமை வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு. சில ஆண்டுகளில் வாக்காளர்களாகப் போகும் மாணவர்களும் அவ்வினாக்களை இப்போதே அறிந்திருப்பது நன்று.