மர்யம்: கசப்பான பெயரா?

பிள்ளைக்குப் பெயர் தேடுவது இப்போது பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான். முன்பு மூத்தம்மாவிடமும் பள்ளிவாசல் மௌலவியிடமும் கேட்டதை இன்று இணையத்திடம் கேட்கிறோம். மர்யம் என்று தேடினால், "எபிரேயப் பெயர், பொருள்: கசப்பு" என்று வருகிறது. சில இடங்களில் "கலகம்" என்றும் இருக்கும். யூதப் பெயரா, அதுவும் கசப்பா என்று தயங்கும் பெற்றோர் வேறு பெயருக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தயக்கம் தேவைதானா?

பெயரின் மூலம் எபிரேயம் என்பது உண்மை. அம்மொழியில் அது மிர்யாம். மூஸா (அலை) அவர்களின் சகோதரிக்கு பைபிள் கூறும் பெயர் அதுவே. அரபியில் மர்யம், கிரேக்கத்தில் மரியாம், இலத்தீனில் மரியா, ஆங்கிலத்தில் மேரி. புல்மோட்டையில் ஒரு வீட்டில் மர்யம் என்று அழைக்கப்படும் பிள்ளையும், திருகோணமலை நகரின் புனித மரியாள் கல்லூரியும் தாங்கியிருப்பது ஒரே பெயரைத்தான்.

பொருள் விடயத்தில் அறிஞர்களிடம் ஒருமித்த முடிவு இல்லை. எபிரேயத்தில் 'மர்' என்றால் கசப்பு. அரபியின் 'முர்ரு' அதன் உறவுச்சொல். இதை வைத்தே கசப்பு என்கிறார்கள். பண்டைய எகிப்து மொழியில் 'அன்புக்குரியவள்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. நமது தப்ஸீர் அறிஞர்களில் ஸமஃக்ஷரீ, அவர்களது மொழியில் இதற்கு 'வணங்குபவள்' என்று பொருள் என எழுதியுள்ளார். ஆக, இணையம் தருவது பல கருத்துகளில் ஒன்று மட்டுமே.

கெட்ட பொருளுள்ள பெயர்களை நபி (ஸல்) அவர்கள் மாற்றியது உண்மையே. 'மாறு செய்பவள்' என்ற பொருளில் பெயர் கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஜமீலா என்று பெயரிட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆனால் மர்யம் என்ற பெயரை அல்லாஹ்வே தன் வேதத்தில் 34 இடங்களில் கூறுகிறான். அல்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். 19ஆம் அத்தியாயம் அவர் பெயரிலேயே அமைந்துள்ளது. அந்தப் பெயரை வைத்தவர் அவரது தாய் என்பதையும் ஆல இம்ரான் 36ஆம் வசனம் சொல்கிறது.

'யூதப் பெயர்' என்ற தயக்கத்துக்கும் ஹதீஸில் பதில் உண்டு. மர்யமை 'ஹாரூனின் சகோதரி' என்று குர்ஆன் (19:28) அழைப்பது எப்படி, மூஸாவும் ஹாரூனும் ஈஸாவுக்கு வெகுகாலம் முந்தியவர்களாயிற்றே என்று நஜ்ரான் கிறிஸ்தவர்கள் முகீரா (ரழி) அவர்களிடம் கேட்டார்கள். அவர் திரும்பிவந்து வினவியபோது, அம்மக்கள் தமக்கு முன்சென்ற நபிமார்கள், நல்லோரின் பெயர்களைச் சூட்டிக்கொள்வோராக இருந்தனர் என்று நபியவர்கள் விளக்கினார்கள். அவர்களும் தம் மகனுக்கு இப்ராஹீம் என்றே பெயரிட்டார்கள். யூசுப், யஃகூப், இஸ்மாயீல் என்று நாம் தயங்காமல் வைக்கும் பெயர்களும் பனூ இஸ்ரவேலருடன் நாம் பகிர்ந்துகொள்பவைதான். ஆண் பிள்ளைக்கு இல்லாத தயக்கம் பெண் பிள்ளைக்கு மட்டும் ஏன்?

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மர்யம், மரியம், மர்யம் பீவி என்று எப்படி வைத்தாலும், பிறப்புச் சான்றிதழில் எழுதும் எழுத்தே அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் வரட்டும். மும்மொழியிலும் ஒரே சீராக இருந்தால் பிற்காலத்தில் பிள்ளை அலைய வேண்டியதில்லை.

பெயருக்குக் கண்ணியம் அகராதியிலிருந்து வருவதில்லை. அதைச் சுமந்தவரின் வாழ்விலிருந்தே வருகிறது. மர்யம் (அலை) அவர்கள் ஊரார் பழிசொல்லை ஈமானோடும் பொறுமையோடும் தாங்கியவர். மகளுக்கு அந்தப் பெயரை வைக்கும் பெற்றோர், அந்த வரலாற்றையும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.