விதையில்லா வாழையும் விதை நிறைந்த வாழையும்

மாணவர்களே, பேரங்காடியில் விற்கும் கேவண்டிஷ் வாழைப்பழத்தைக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். நடுவில் தெரியும் சிறு கரும்புள்ளிகள், விதையாக மாறாமல் நின்றுபோன சூல்கள். இவ்வாழையில் மூன்று தொகுதி குரோமோசோம்கள் இருப்பதால் அவை சமமாகப் பிரிய முடியாது, விதையும் உண்டாகாது. பிறகு எப்படிப் பெருகுகிறது?

வாழையின் உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. அதிலுள்ள மொட்டுகள் முளைத்து, தாய்மரத்தின் அருகே கன்றுகளாக எழும்புகின்றன. தொடக்கப்பள்ளியில் நீங்கள் படித்த ‘ஊற்றுக்கன்று’ இதுதான். கருவுறுதல் இல்லாமல், ஒரே தாயிலிருந்து புதிய செடி தோன்றுவதைப் பாலிலா இனப்பெருக்கம் என்கிறோம். இஞ்சி நிலத்தடித் தண்டாலும், ரணகள்ளி இலையோரத்தில் முளைக்கும் சிறு கன்றுகளாலும் இவ்வாறே பெருகுகின்றன.

மனிதர்களும் இதற்குக் கைகொடுக்கிறார்கள். மரவள்ளித் தண்டை வெட்டி நடுகிறோம். நல்ல டுரியான் மரத்தின் மொட்டை வேறொரு கன்றில் ஒட்டுகிறோம். வாழையின் தண்டு நுனியிலிருந்து எடுத்த சிறு திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, ஆயிரக்கணக்கான நோயற்ற கன்றுகளைப் பெறுகிறோம். இது திசு வளர்ப்பு.

இக்கன்றுகள் எல்லாம் தாயின் நகல்கள். அதனால் சுவையும் தரமும் மாறுவதில்லை. ஆனால், தாயின் பலவீனமும் ஒவ்வொரு கன்றிலும் இருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகச் சந்தையை ஆண்டது ‘குரோ மிஷேல்’ வாழை. மண்ணில் வாழும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வேர்வழி நுழைந்து, நீர் செல்லும் சைலத்தை அடைத்தது. எல்லா மரங்களும் நகல்கள் என்பதால் எதுவும் எதிர்த்து நிற்கவில்லை. 1960களில், அப்பூஞ்சையைத் தாங்கும் கேவண்டிஷ் அதன் இடத்தைப் பிடித்தது. பின்னர், கேவண்டிஷையும் தாக்கும் டி.ஆர்.4 என்ற வகைப் பூஞ்சை பரவியது. 1990களில் மலேசியத் தோட்டங்களும் பாதிக்கப்பட்டன. நோயின்றி வளர்த்த திசு வளர்ப்புக் கன்றும், பூஞ்சை உள்ள மண்ணில் நட்டால் தப்பாது.

நம் காடுகளில் ‘மூசா அக்குமினாட்டா மலாக்கென்சிஸ்’ என்ற காட்டு வாழை உண்டு. பழம் முழுக்க விதை. விதைவழிப் பெருகுவதால் செடிக்குச் செடி மரபணுக்கள் வேறுபடும். அவற்றில் சில டி.ஆர்.4ஐத் தாங்கும். அத்தகைய செடியின் மரபணு ஒன்றை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கேவண்டிஷில் சேர்த்தனர். அந்த இரகத்துக்கு 2024இல் அந்நாடு அனுமதி அளித்தது. ஆகவே, காட்டோரம் விதை நிறைந்த வாழையைக் கண்டால் பயனற்றது என்று எண்ணிவிடாதீர்கள்.

சிந்தியுங்கள்: நாடெங்கும் ஒரே டுரியான் இரகத்தை மட்டும் ஒட்டுக்கட்டி நட்டால் என்ன நேரலாம்?