கதவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? டப்பாவைத் திறக்கும் முன்...



பொங்கல் வந்தால் சுவருக்கு வெள்ளை அடிப்பது நமக்குப் பழகிய வேலை. கதவு, ஜன்னலுக்கு மட்டும் ஆள் தேடுகிறோம். கேட்டால், "நாம அடிச்சா ஒரே வருசத்துல தோல் தோலா உரிஞ்சுடுதுக்கா" என்பார்கள். கையில் குறை ஒன்றுமில்லை. உரிவதற்குக் காரணம் பழைய பெயிண்டின் வழவழப்பும், அதன் மேல் ஏறியிருக்கும் பிசுக்கும்தான்.

ஏற்கெனவே பெயிண்டோ வார்னிஷோ பூசிய மரத்தில் புதுப் பெயிண்டுக்குப் பிடிமானம் கிடையாது. போதாததற்கு வாசல் நிலையில் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள், குங்குமம், எண்ணெய். அடுப்படிக் கதவில் தாளிப்புப் புகை. தாழ்ப்பாள் பக்கம் கைப்பிசுக்கு. இவற்றின் மேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயிண்டும் நிற்காது. எனவே முதல் வேலை கழுவுவது. சலவை சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒரு நாள் காய விடுங்கள். சோடாத் தண்ணீர் கையை அரிக்கும், உறை போட்டுக்கொள்வது நல்லது. கழுவாமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கு இன்னும் உள்ளே இறங்கும்.

பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்ட வேண்டுமா? வேண்டாம். பிளேடால் ஒரு மூலையில் பெருக்கல் குறி போல் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் கூடவே வந்தால் அந்த இடத்தைச் சுரண்ட வேண்டும். வராவிட்டால் பளபளப்புப் போகும் அளவுக்கு உப்புத்தாள் தேய்த்தால் போதும். மரம் தெரியும் இடத்துக்கு மட்டும் பிரைமர். ஓட்டை, வெடிப்புக்குப் பட்டி. பாதி செலவு இதிலேயே மிச்சம்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். பழைய பெயிண்டுகளில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்திருக்கும். 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்து வீட்டுப் பெயிண்டில் 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்றாக்கியது. டப்பாவிலும் அதைக் குறிப்பிட வேண்டும். ஆனால் நம் வீட்டுக் கதவு அதற்கு முன்பே பெயிண்ட் பார்த்ததாயிற்றே! உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் மாவு போலப் பறந்து தரையில் படியும். தவழும் பிள்ளை அதே கையை வாயில் வைக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், படிப்பு பின்தங்கும். கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். உடனே வலியோ காய்ச்சலோ காட்டாததால் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

அதனால் பழைய பெயிண்டை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேளுங்கள், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள் அது. கதவைக் கழற்றி முற்றத்தில், பழைய சாக்கின் மேல் கிடத்தி வேலை செய்யுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வேண்டாம். விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கட்டிய சேலையைத் தனியாகத் துவையுங்கள். இன்னொன்று: உடைந்த பழைய கதவு, ஜன்னல் சட்டத்தை "விறகுக்கு ஆச்சு" என்று அடுப்பில் வைக்காதீர்கள். ஈயம் புகையாகவும் சாம்பலாகவும் வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

இனி பெயிண்ட். ஆறரை அடிக்கு மூன்று அடி கதவுக்கு இரு பக்கமும் இரண்டு பூச்சு அடிக்க, சுமார் ஒரு லிட்டர் எனாமல் போதும். தடிப்பாக ஒரு தடவை அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு தடவை அடிப்பதே நிற்கும். நடுவில் ஒரு இரவு காயட்டும். நீட்டிக்க வேண்டும் என்று மண்ணெண்ணெய் கலப்பார்கள். காய நாளாகும், பளபளப்பும் போகும். மார்கழியில் பனி காய்ந்த பிறகு தொடங்கி, பொழுது சாயும் முன்பே முடித்துவிடுங்கள். ஈரப் பெயிண்டில் பனி இறங்கினால் மங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடவே வேண்டாம்.

மச்சுவீட்டுப் பலகைத் தரைக்கும் இதே முறைதான். மூலையில் தொடங்கி ஏணிப்படியை நோக்கிப் பின்னால் வாருங்கள், இல்லையென்றால் மேலேயே மாட்டிக்கொள்வீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே நெல் மூட்டையை ஏற்றக் கூடாது. உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும்.

மீந்த தின்னரைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்துவிடும். அப்படி நடந்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-க்குப் போன் செய்து, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.