பல் வேர்க்குழல் சிகிச்சை

பல் வேர்க்குழல் சிகிச்சை என்பது நோய்த்தொற்றுக்கு உள்ளான பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் மருத்துவ முறை ஆகும். பேச்சு வழக்கில் இது ரூட் கேனால் எனப்படுகிறது.

பல்லின் நடுவே குருதிக்குழாய்களும் நரம்புகளும் கொண்ட பற்கூழ் உள்ளது. சொத்தை இதனை எட்டும்போது கடும் வலி உண்டாகிறது. பற்கூழ் இறந்தபின் வலி தானே அடங்கிவிடுவதுண்டு. இதைக் குணமெனக் கருதிப் பலர் மருத்துவரிடம் செல்வதில்லை. ஆனால் தொற்று வேர் நுனி வழியே தாடை எலும்பினுள் பரவிச் சீழ்க்கட்டியை உருவாக்கக்கூடும். இறந்த பற்கூழில் குருதியோட்டம் இல்லாமையால் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் மட்டும் இதனைத் தீர்க்கா.

மருத்துவர் அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து, பல்லைத் துளையிட்டு, மெல்லிய அரங்களால் குழல்களைத் தூய்மையாக்கி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவார். மேல் முன்பற்களில் பெரும்பாலும் ஒரு குழலே இருக்கும். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் நான்கு இருப்பதுண்டு. நான்காவது எளிதில் கண்ணில் படாது, விடுபட்டால் தொற்று மீளலாம். பின்னர் குழல்கள் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாற் பொருளால் அடைக்கப்படுகின்றன (19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானதும் இதுவே). கடைவாய்ப்பல் உடையாதிருக்க அதன்மேல் உறை பொருத்துவது வழக்கம்.

1953இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், சிதம்பரத்திலுள்ள பல் மருத்துவக் கல்லூரியிலும் இதற்கெனத் துறை உண்டு. சில வேளைகளில் பலமுறை செல்ல நேரும். விக்கிரமங்கலம் போன்ற ஊர்களிலிருந்து செல்வோர் பாதியில் நிறுத்தினால், தற்காலிக அடைப்பு தேய்ந்து தொற்று மீண்டும் உட்புகும்.